போனெட்டில் முளைத்த சுண்ணாம்பு மலை

அப்பா தமது அறுபத்து மூன்றாவது வயதில் முதன்முறையாகப் புதுக் காடி வாங்கினார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு காடிகளும் யாரோ ஓட்டிச் சலித்தவை. அவற்றின் நிறத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டோம். இந்த முறை தேர்வு அவருடையது. கறுப்பு. "வெயில்ல காயும்ப்பா, தூசி தெரியும்ப்பா" என்று நானும் தம்பியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். "கறுப்புதான் காடி. மத்ததெல்லாம் சாயம்" என்று முடித்துவிட்டார்.

காடி வந்த மூன்றாம் நாள் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலை ஒன்றின் அடியில் இருக்கும் சின்னக் கோவிலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பூசாரி போனெட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூஜை முடிந்ததும் குங்குமம் புதுப் பெயிண்டில் ஊறிவிடுமோ என்ற பதற்றம் எனக்கு. கோவிலுக்குப் பின்னால் இருந்த குழாயில் ரப்பர் டியூப்பை மாட்டி, அப்பாவின் கறுப்புக் காடியையும் பக்கத்தில் நின்ற தம்பியின் வெள்ளைக் காடியையும் சேர்த்தே கழுவிவிட்டேன். அது டவுன் பைப்புத் தண்ணி இல்லை. பாறை இடுக்கில் கசிவதைத் தொட்டியில் பிடித்துவைத்த தண்ணி. ஒரு வாய் குடித்தும் பார்த்தேன், சில்லென்று நன்றாகத்தான் இருந்தது. துடைக்கத் துணி இல்லை. வெயிலில் தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தபோது கறுப்பு போனெட் முழுக்க வெள்ளை வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரு துளியின் அளவு. ஓரம் தடித்து, நடு மங்கலாக.

"என்னா பாப்பா செஞ்ச?" என்றார் அப்பா. கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. நகத்தைக் கொண்டுபோனவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "அழுக்கு இல்ல இது. தாத்தா சொல்லுவாரே, பாய்லர் மலை. அது."

அதன்பிறகு அவர் என்னிடம் பேசியது இரவுச் சாப்பாட்டின்போதுதான். அந்த இடைவெளியில் குற்ற உணர்ச்சியோடு படிக்கத் தொடங்கியதிலிருந்து வந்தது இந்தக் கட்டுரை.

*

தாத்தா ரயில்வேயில் பாய்லர் கழுவுகிறவர். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் அது ஒரு தனி வேலை. குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை எஞ்சினை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, ஆறவிட்டு, அடியில் உள்ள திருகு மூடிகளைக் கழற்றி, நீண்ட இரும்புக் கம்பியால் உள்ளே குத்திச் சுரண்டி, வேகமான தண்ணீர் அடித்து வெளியே தள்ளுவார்கள். வெளியே வருவது சேறும், ஓடு ஓடாக உடைந்த வெள்ளைக் கல்லும். கல்லை யாரும் உள்ளே போடவில்லை. தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

தண்ணீர் ஆவியாகிப் போகும்போது தன்னோடு வந்த சுண்ணாம்பை எடுத்துப்போவதில்லை. அது இரும்புத் தகட்டில் படிகிறது. அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படிவு. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. நிலக்கரி கூடுதலாக எரிய வேண்டும். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கல் வந்துவிட்டால் தகடு அளவுக்கு மீறிச் சுட்டு, இளகி, உப்பிவிடும். வெடித்தால் எஞ்சின் ஓட்டுகிறவரும் கரி அள்ளிப் போடுகிறவரும் முதலில் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குப் பயந்து பாய்லருக்குள் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். அதன் மாவு, படிவை இறுகவிடாமல் சேறாகவே வைத்திருக்கும் என்பது கணக்கு.

ஒருமுறை தாத்தா அந்தக் கல்லில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். வெட்டிய மரத்தில் தெரிவதுபோல் அதில் வரி வரியாக அடுக்கு. "பாய்லருக்குள்ள மலை வளருது, பாரு" என்று காட்டினாராம். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுட்டா வெத்தலைக்கு ஆகுமா?" என்று கேட்டாராம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஓடிய நகைச்சுவை இது. இப்போது வேதியியல் படித்துப் பார்த்தால் பாட்டி கேட்டது சரியான கேள்வி. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு போய்விடும். மிஞ்சியதில் நீர் ஊற்றினால் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. அதை டப்பாவில் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மேலே ஓடு கட்டும். அதாவது மறுபடி கல்லாகும். பாட்டி தினமும் விரலால் உடைத்தது அந்த ஓட்டைத்தான்.

இந்தப் போக்குவரத்தை ஐரோப்பாவில் முதலில் சரியாகப் பிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜோசப் பிளாக். (கறுப்புக் காடியின் வெள்ளைக் கறையைத் தேடிப்போனால் முதலில் எதிர்ப்படுகிறவரின் பெயர் பிளாக்.) கல்லுக்குள் ஒரு காற்று 'நிலைபெற்று' இருக்கிறது, சுட்டால் அது வெளியேறுகிறது என்று 1756-இல் அவர் எழுதினார். நாம் கரியமில வாயு என்று சொல்வது அந்தக் காற்றைத்தான். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1767-இல், ஹென்றி கேவண்டிஷ் லண்டனின் ராத்போன் பிளேஸ் என்ற இடத்துப் பம்புத் தண்ணீரை எடுத்து ஆராய்ந்தார். கொதிக்க வைத்தால் அந்தத் தண்ணீரில் ஏன் வெள்ளைப் பொடி இறங்குகிறது? சுண்ணாம்புக் கல் சுத்தமான நீரில் கரையாது. கரியமில வாயு அதிகமாகக் கலந்த நீரில் கரையும். கொதித்தால் வாயு ஓடிவிடுகிறது, கல் நிற்க இடமில்லாமல் கீழே விழுகிறது. இதுதான் அவர் கண்டது. கெட்டிலுக்குள் நடப்பதும் இதுவே, பாய்லருக்குள் நடப்பதும் இதுவே. என் அப்பாவின் போனெட்டில் ஒரு மணி நேரத்தில் நடந்ததும் வேறல்ல. அடுப்புக்குப் பதில் ஈப்போ வெயில், அவ்வளவுதான்.

1841-இல் அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், தண்ணீரிலுள்ள சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பையே கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அது போனபின் பழைய சுண்ணாம்பும் புதிய சுண்ணாம்பும் ஒன்றாகக் கல்லாகிக் கீழே இறங்கிவிடுகின்றன. தண்ணீரின் கடினத்தை அளக்கவும் அவர் ஒரு வழி சொன்னார். அளவறிந்த சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிலையான நுரை வர எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்ப்பது.

எனக்கு இங்கே ஒரு சின்ன முணுமுணுப்பு உண்டு. தண்ணீர் எப்படிக் 'கடினம்' ஆகும்? தொட்டால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். கடினம் என்பது தண்ணீரின் குணமே இல்லை, அதில் துணி துவைக்கிறவரின் கை சொன்ன சொல். நுரை வராத நீரில் சோப்பு வீணாகி, அழுக்கோடு தயிர்த் திரள்போல் ஒட்டிக்கொள்ளும். இதை அறிய சோதனைக் குழாய் தேவையில்லை. பினாங்கில் வண்ணாந்துறை என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது, தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் ஓடைக்கரையில் குடியேறிய இடம். சிங்கப்பூரில் டோபி காட் என்ற பெயர் எம்ஆர்டி நிலையத்தில் நிற்கிறது. பினாங்கு மலை கருங்கல் மலை, அதிலிருந்து இறங்கும் தண்ணீர் மென்னீர். அங்கே கல்லில் துணி அடித்தவர்கள் கிளார்க்கின் சோதனையைத் தினமும் செய்துகொண்டிருந்தார்கள். அறிவியல் வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும்தான்.

*

ஈப்போவுக்கு இரண்டு தண்ணீர். இது எனக்கு முப்பது வயதுவரை தெரியாது.

கிந்தா ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கிறது. அது கருங்கல். மழை அதன்மேல் விழுந்து ஓடிவந்தாலும் கல் அவ்வளவாகக் கரைந்து வராது. அதனால் நம் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் மென்னீர். அந்தத் தண்ணீரில் முப்பது வருடம் காடி கழுவி எங்களுக்குப் பெரிய கறை வந்ததில்லை. பள்ளத்தாக்கின் அடியிலும், நடுநடுவே நெட்டுக்குத்தாக நிற்கும் குன்றுகளிலும் இருப்பது சுண்ணாம்புக் கல். பல கோடி ஆண்டுகளுக்குமுன் ஆழமில்லாத வெப்பக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அதில் இறங்கும்போது கல்லையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. குவா தெம்புருங் குகைக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மேலிருந்து தொங்கும் கல் விழுதுகளை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி நிற்கும். அந்தத் துளி வாயுவை விட்டுவிட்டு ஒரு துளி கல்லை ஒட்டவைத்துப் போகிறது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வளரும். குகை நிதானமாகச் செய்கிற வேலையைக் கறுப்புத் தகரம் அவசரமாகச் செய்கிறது.

இதைவிட என்னை உட்காரவைத்த செய்தி வேறு. கிந்தாவின் ஈயம் கருங்கல் மலையில் பிறந்தது. மலை தேயத் தேய ஆற்றோடு உருண்டு கீழே வந்தது. ஈயத்தாது கனமானது, ஒரு பள்ளம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடும். பள்ளத்தாக்கின் அடியில் அந்தப் பள்ளங்களை வெட்டியது யார்? கரியமில வாயு கலந்த தண்ணீர்தான். சுண்ணாம்புத் தரையை அது கூர்முனைகளும் குழிகளுமாக அரித்து வைத்திருந்தது. அந்தக் குழிகளில் ஈயம் சேர்ந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீனத் தொழிலாளர்கள் தோண்டியதும், பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் கப்பல் போன்ற தூர்வாரிகளால் அள்ளியதும் அங்கிருந்துதான். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக ஈயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது, அதில் கிந்தாவின் பங்கு பெரிது. ஈப்போவின் பங்களாக்கள், 1917-இல் கட்டி முடித்த ரயில் நிலையம், தாத்தா வேலை பார்த்த ரயில் பாதை எல்லாம் அந்தப் பணத்தின் நிழலில் வந்தவை. கல்லைக் கரைத்து ஊருக்குச் சோறு போட்ட தண்ணீர்தான், கரைத்த கல்லை அப்பாவின் போனெட்டில் இறக்கிவைத்தது.

அப்பாவும் ஈயக்கப்பலில்தான் வேலை பார்த்தார். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. நாட்டின் சொந்தக் காடி. பட்டறையில், கோப்பிக்கடையில் எல்லாம் அதே பேச்சாம். அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. முன்பணத்துக்குச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது, ஈய விலை சரிந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அடுத்த ஆண்டு அப்பாவுக்கு வேலை இல்லை. சேர்த்த பணம் வீட்டு வாடகைக்குப் போனது. அப்புறம் தொழிற்சாலை, லோரி, பாதுகாவலர் வேலை. முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள். இடையில் அந்த இரண்டு பழைய காடிகள். இதையெல்லாம் அவர் எங்களிடம் வரிசையாகச் சொன்னதில்லை. கறை படிந்த அன்று இரவுதான், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தச் சாகாவுலயும் நான் கறுப்புதான் கேட்டு வெச்சிருந்தேன்" என்றார்.

*

"கறுப்புதான் காடி" என்பது அப்பாவின் பிடிவாதம் மட்டுமல்ல. ஃபோர்டின் மாடல் டி காடி 1908-இல் வந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல் என்றெல்லாம் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும். நிலத்தார் கலந்த ஒருவகைக் கறுப்பு வார்னிஷை அடுப்பில் சுட்டுக் காயவைத்தார்கள். மலிவு, உழைக்கும். அதற்கு முன்னால் குதிரை வண்டிக்குப் பூசுவதுபோல் தூரிகையால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் வேலை. அந்தக் கறுப்பின் பெயர் 'ஜப்பான்'. கிழக்காசிய அரக்குப் பூச்சின் மினுமினுப்பைப் பார்த்து ஐரோப்பியர்கள் போலி செய்தபோது வைத்த பெயர். இதே ஃபோர்டு 1926-இல் மலாயாக் கம்பெனியைச் சிங்கப்பூரில் தொடங்கியது. 1941-இல் புக்கிட் தீமாவில் காடி பூட்டும் தொழிற்சாலை திறந்தது. சில மாதம்கூட முழுதாக ஓடவில்லை, 1942 பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் யமஷித்தாவிடம் சரணடைந்தது அந்தத் தொழிற்சாலைக்குள். காடியின் வரலாறு நம் ஊரில் எங்கே தொட்டாலும் வேறொன்றின்மேல் போய் முட்டுகிறது.

1923-இல் டூபோன் கம்பெனியின் டூக்கோ பூச்சு வந்து, சீக்கிரம் காயும் பல நிறங்களைக் கொடுத்தது. கறுப்பின் ஏகபோகம் முடிந்தது. கட்டாயமாக இருந்த கறுப்பு அப்புறம்தான் கம்பீரமாக மாறியது. 1980-களில் பரவலான முறையில், நிறம் ஓர் அடுக்கு, அதன்மேல் கண்ணாடிபோல் நிறமற்ற பூச்சு இன்னோர் அடுக்கு. புதுக் கறுப்புக் காடியில் முகம் பார்க்க முடிவது அந்த மேல் அடுக்கால். அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கறை நிற்பது கறுப்பின்மேல் அல்ல, இந்தக் கண்ணாடியின்மேல். கறுப்பு செய்வது இரண்டு குற்றம். வெயிலை மற்ற நிறங்களைவிட அதிகம் குடித்துத் துளியைச் சீக்கிரம் காயவைக்கிறது. பிறகு கரும்பலகைபோல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறது. தம்பியின் வெள்ளைக் காடியையும் அதே தண்ணீரில் கழுவினேன் அல்லவா? அதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியால் தடவினால் மணல் தாள்போல் சொரசொரத்தது.

மறுநாள் காலை பரிகாரம். பட்டறைக்காரர் ஒருவர் டாய்லெட் கழுவும் மருந்து ஊற்றச் சொன்னார், நல்லவேளை அப்பா கேட்கவில்லை. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்றுவிட்டு, அங்கேயே நிற்காமல் பளபளக்கும் உலோகப் பட்டையையும் தின்னும். பாட்டி செம்புக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பார், அதே தத்துவம்தான் இங்கும், ஆனால் புளியின் நாரும் மண்ணும் பெயிண்டைக் கீறிவிடும். சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன், தேவையான அமிலம் கோவிலிலேயே இருந்திருக்கிறது. கடைசியில் வெள்ளை வினிகரும் வடிநீரும் சம பங்கு. காடி நிழலில், தகரம் கைக்குக் குளிர்ந்த பிறகு. முதலில் குழாய்த் தண்ணீரும் ஷாம்பூவும் போட்டுத் தூசியை எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறைமேல் ஒரு நிமிடம் போட்டுவைத்தோம். எடுத்துத் துடைத்து, உடனே நன்றாக அலசினோம். நுணுக்கமாகப் பார்த்தால் துணிக்கடியில் குமிழி வரும், சுண்ணாம்பு வாயுவை விடுகிறது. பிளாக் பிடித்த அதே காற்று.

பெரும்பாலானவை போய்விட்டன. சில கறைகளுக்கு இரண்டாம் தடவை. இன்னும் சிலவற்றுக்குக் களிமண்போன்ற கிளே பாரைத் தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்ட வேண்டியிருந்தது. தண்ணீரில் சிலிக்காவும் இருந்தால் வினிகர் அதை ஒன்றும் செய்யாது, உரசித்தான் எடுக்க வேண்டும்.

வலது ஓரத்தில், விளக்குக்கு மேலே, ஐந்து வளையங்கள் அசையவில்லை. விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கிறது, ஆனால் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. சுண்ணாம்பு போய்விட்டது, அது நின்ற இடத்தில் மேல்பூச்சு சூட்டில் லேசாகக் குழிந்துவிட்டது. அதை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள பூச்சை அந்தக் குழியின் ஆழத்துக்குப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இருக்கிற 40 மைக்ரானில் கொஞ்சத்தைச் செலவழிக்க வேண்டும். நான் கூகிளில் பாலிஷ் மெஷின் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம், விடு" என்றார் அப்பா. "இன்னும் பத்து வருசம் ஓட்டணும். தோல உரிச்சிக்கிட்டே இருந்தா என்னா மிஞ்சும்?"

அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்கெல்லாம் எழுப்பிவிட்டார். வெயில் இன்னும் குன்றுக்குப் பின்னால். கூரை வடிகாலுக்கடியில் ஒரு நீலப் பீப்பாய் புதிதாக நின்றது, முந்தின நாள் பெய்த மழை அதில் நிரம்பியிருந்தது. குழாய்த் தண்ணியில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு வாளி மழைத்தண்ணியை மேலிருந்து சாய்த்து ஊற்றினார். இரண்டு துணியில் ஒன்றை என்னிடம் எறிந்தார்.

"போனெட்ட நீ தொட, பாப்பா. காயறதுக்குள்ள."